பேட்டரி இன்னும் வரவில்லை

உலகத்தில் பேட்டரித் தட்டுப்பாடு வந்ததற்காக மனமாரச் சந்தோஷப்பட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அது ஜெலுத்தோங் புவனேஸ்வரன்தான்.

மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிய புதிதில் அவருக்கு அப்படியொரு எண்ணம் இல்லை. தலைகால் புரியாமல் இருந்தார். பழைய காரை விற்றார். கார் வருமுன்பே போர்ச்சில் சார்ஜர் மாட்டினார். பார்க்க வந்தவர்களை எல்லாம் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். "வேகமா சார்ஜ் பண்ணக்கூடாது. மெதுவா பண்ணாதான் பேட்டரிக்கு நல்லது." தபால்காரர்கூட இதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

மாதங்கள் ஓடின. கார் வரவில்லை. "பேட்டரி இல்லண்ணே. காடியெல்லாம் ஃபேக்டரியிலயே சும்மா நிக்குது" என்றான் கார் விற்ற ஜாஹிர். புவனேஸ்வரன் வாடிப்போனார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவில் காலை நீட்டியிருந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. கார் இல்லை. கார் இல்லாததால் பாலம் தாண்டி நிபோங் திபால் போகும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இல்லை. பயணம் இல்லாததால் மாமியாரும் இல்லை.

மாமியார் ஜெயலெட்சுமி தங்கமான மனுஷி. கறிக்குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஆனால் சாப்பிட்ட கை காய்வதற்குள் "மாப்ளே, கொஞ்சம் வாங்க" என்பார். அப்படியென்றால் ஏணி என்று அர்த்தம். ஒரு வாரம் கூரைத் தகரம், ஒரு வாரம் மாமரக் கிளை, இன்னொரு வாரம் ஆஸ்ட்ரோ டிவி தட்டு. கல்யாணம் ஆனதிலிருந்து புவனேஸ்வரன் தரையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு.

"கிராப் டாக்சி எடுத்துப் போயிடலாமே" என்றாள் மனைவி சுபாஷினி.

"புது காடியிலதான் அத்தை வாசல்ல போய் இறங்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன் சுபா."

"யார்கிட்ட?"

"தண்ணிமலை முருகன்கிட்ட."

"கிராப்ல போனா முருகன் கோவிச்சுக்குவாரா?"

"வேண்டுதல்னா வேண்டுதல்தான் லா."

அவள் தனியாகவே போய் வந்தாள். இவர் ஷேக் அலாவுதீன் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உலகப் பொருளாதாரம் பேசினார். பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் சரக்குப் பிரிவில் அவருக்கு வேலை. சரக்கு ஏன் வரவில்லை என்று காரணம் சொல்வதற்குத்தான் சம்பளமே. வீட்டிலும் அதையே செய்தார்.

"பேட்டரி வந்துச்சாங்க?"

"லித்தியம் பத்தலயாம்."

அடுத்த வாரம், "இப்ப வந்துச்சா?"

"கப்பல்ல ஏத்தல."

"போன வாரமே ஏத்திட்டாங்கன்னு சொன்னீங்க?"

"ஏத்தினாங்க. இறக்கிட்டாங்க. பெரிய நாட்டுக்காரன் மொத்தமா வாங்கிட்டான்."

"பாவம், உங்களுக்குத்தான் எவ்ளோ மனக்கஷ்டம்" என்றாள் சுபாஷினி. அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்.

அந்தச் சுகத்தில் மண் விழுந்தது. ஒரு நாள் வேலையிடத்துக்கே ஜாஹிர் போன் போட்டான்.

"அண்ணே, காடி வந்துருச்சு. பேட்டரியோட வந்துருச்சு. வெள்ளிக்கிழமையே எடுத்துக்கலாம்."

புவனேஸ்வரன் கண்ணுக்கு ஏணி ஏணியாகத் தெரிந்தது. திருதிருவென்று விழித்தவரின் பார்வை சுவரில் இருந்த தமிழ் நாட்காட்டியில் பட்டது. உயிர் திரும்பி வந்தது.

"தம்பி, இது ஆடி மாசம் லா. ஆடியில நாங்க புது சாமான் எதுவும் எடுக்க மாட்டோம்."

"முடியட்டும்ணே. உங்களுக்காக வச்சிருக்கேன்."

"வேணாம் வேணாம். காத்துக்கிட்டிருக்கிறவங்க பாவம். அடுத்த ஆளுக்குக் குடுத்துடு. என் பேரைக் கடைசியில போட்டுக்க."

"கடைசியிலயா? அடுத்த பேட்டரி எப்ப வரும்னு கம்பெனிக்கே தெரியாதுண்ணே."

"பரவால்ல. நாலு பேரு நல்லா இருக்கட்டும்."

"உங்கள மாதிரி கஸ்டமரை நான் பார்த்ததே இல்லண்ணே." ஜாஹிரின் குரல் தழுதழுத்தது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சுபாஷினி கேட்டாள். "ஏதாவது சேதி உண்டா?"

"நிக்கல் இல்லயாம்."

"அடடா" என்றவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. புவனேஸ்வரன் சோபாவில் மல்லாந்திருந்தார். மின்சாரக் கார் வந்தால் சத்தமே கேட்காது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். சொன்னது உண்மைதான். போர்ச்சுக்குள் கார் வந்து நின்றது அவருக்கே கேட்கவில்லை.

கதவு அறையும் சத்தத்துக்கு வெளியே ஓடி வந்தார். அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே நீல நிறம். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் மாலை. காருக்குத்தான். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவர் மாமியார். பைராம் தோட்ட வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன காலத்துக் கம்பீரம் கொஞ்சமும் குறையவில்லை.

"அத்தை, இது..."

"நீங்க புக் பண்ண அன்னிக்கே நானும் பண்ணிட்டேன் மாப்ளே. அதே ஜாஹிர்கிட்டதான். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சுபா சொல்லவேணாம்னுட்டா. எனக்கு முன்னால இருந்த மகராசன் யாரோ, ஆடி மாசம்னு விட்டுக் குடுத்துட்டாராம். எனக்கு ஆடியாவது ஆவணியாவது. எடுத்துட்டேன்."

"யாருங்க அந்த மகராசன்?" என்று கேட்டாள் சுபாஷினி. அவள் முகத்தில் பால் வடிந்தது.

புவனேஸ்வரன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சாப்பிட்டுட்டு வெளிச்சத்துலயே கிளம்பிடுங்க அத்தை. பாலத்துல ஜாம் ஆகும்."

"எப்படி மாப்ளே கிளம்புறது? என் வீட்டுல ஏது சார்ஜர்? அதான் வாராவாரம் சனிக்கிழமையே வந்து இங்க போட்டுக்கச் சொல்லிட்டா சுபா."

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தார். உள்ளே புத்தம்புதிய மடக்கு ஏணி ஒன்று படுத்திருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"மாப்ளே, கொஞ்சம் வாங்க."

புவனேஸ்வரன் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். "அத்தை, டவுன்ல வேகமா சார்ஜ் பண்ற இடம் இருக்கு. ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். நானே கொண்டு போறேன்."

சுபாஷினி அதற்குள் சார்ஜர் ஒயரைக் காரில் செருகிவிட்டிருந்தாள்.

"வேகமா பண்ணக்கூடாதுங்க" என்றாள். "மெதுவா பண்ணாதான் பேட்டரிக்கு நல்லது."