வெள்ளை இராணியின் மௌன விரதம்

மன்னார்க் கடலோரப் பேசாலையில் அந்த வருடம் மீனைவிட நாய்க்கு மவுசு கூடிப்போயிற்று. கரையில் வள்ளம் இழுக்க ஆள் கிடையாது. நிறஞானி சிங்கராசாவின் கொட்டகை வாசலிலோ விடிய முதலே சனம் வரிசை கட்டி நின்றது.

நிறஞானி என்றால் வேறொன்றுமில்லை, நாயின் மயிரைப் பார்த்து வீட்டுக்காரரின் தலைவிதியைச் சொல்கிறவர். செம்மண் நிற நாய் நின்றால் வீட்டில் சண்டை. கறுப்பு நாய் நின்றால் வலை வெறுமை. பால் வெள்ளை நாய், அதுவும் நீலக் கண்ணோடு நின்றால், மீன் தானாகவே வள்ளத்துக்குள் பாயும்! அப்படிப்பட்ட சாதி நாய்க் குட்டிகள் அவரிடம் மட்டும்தான் இருந்தன என்பது தற்செயல். நம்புங்கள்.

ஆதாரம் இல்லாமலா? கோயில் கொடியேற்றத்தன்று வெடி கொளுத்தினார்கள். ஊர் நாய்கள் வள்ளங்களுக்கு அடியில் புகுந்தன. கழுதைகள் தலைமன்னார் றோட்டால் ஓட்டம் பிடித்தன. சிங்கராசாவின் வெள்ளை நாய் இராணி மட்டும் அசையவில்லை. பக்கத்தில் வெடி வெடிக்க, அது சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

“பாத்தீங்களோ! உலகத்துச் சத்தம் அதை ஆட்டாது. அது மௌன விரதம்!” என்றார் சிங்கராசா.

அன்றோடு ஊர் கவிழ்ந்தது.

கவிழாமல் நின்றது வசந்தமலர் ஒருத்திதான். கடற்கரையில் கருவாடு போடுகிறவள். அவளிடம் கறுவல் என்று ஒரு கறுப்பு நாய். அதற்கு லட்சணம் ஒன்றும் இல்லை. ஒரு காது மடிந்தது, வால் பாதிதான். ஆனால் கருவாட்டுப் பாயில் ஒரு காகம் இறங்கட்டும் பார்க்கலாம்! அவளுக்கு அது நாயில்லை, கூட வேலை செய்கிற ஆள்.

“ஞாயிறு பூசை முடிய ஊர் நாயளை ஏத்த லொறி வரும். கறுவலைக் குடுத்தால்தான் வெள்ளைக் குட்டி தருவினமாம். கறுப்பு நிண்டால் வெள்ளையின்ரை பலனை உறிஞ்சிப்போடுமாம்,” என்றான் புருஷன் சந்தியோகு.

“உங்கடை வலை ஓட்டைக்குள்ளாலை நானே பூந்து வரலாம். அதைப் பொத்தாமல் என்ரை நாயை ஏத்தவோ?”

“நிறஞானி சொன்னவர்.”

அதோடு பேச்சு முடிந்தது. ஏற்கெனவே ஏற்றிப்போன நாய்களை முருங்கன் பக்கத்தில் றோட்டில் இறக்கிவிட்டதாகக் கதை அடிபட்டது. கறுவல் அங்கே யாருடைய வாசலில் போய் நிற்கும்? அன்று பின்னேரம் முழுக்க வசந்தமலர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு றஞ்சிதத்துக்கு வெள்ளைக் குட்டி கிடைத்து ஒரு மாதம். மறுநாள் பார்த்தால் அது றஞ்சிதத்தின் கருவாட்டுப் பாய்க்கு முன்னால் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பின்னால் ஏழெட்டுக் காகங்கள் பந்தியில் இருந்தன.

“றஞ்சிதம், காகமடி!”

“பாத்துக்கொண்டுதான் நிக்கிறன் அக்கா. சத்தம் போட்டால் விரதம் முறிஞ்சுபோகும்.”

றஞ்சிதம் விதிகளையும் ஒப்புவித்தாள். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கையைக் காட்டித்தான் கூப்பிட வேண்டும். பின்னால் போய்த் தொடவே கூடாது, முன்னால் வந்து கும்பிட்ட பிறகுதான் தொடலாம். வெயிலில் மூக்கு உரிந்தால் பயப்படக் கூடாது, உரிவது வீட்டுக்காரரின் பாவம். வெள்ளை நாய்க்கு விசர்நோய் வராது, ஆகவே ஊசி போடக் கூடாது.

சனிக்கிழமை முசலியிலிருந்து வஸீர் வந்தான். மிருக வைத்தியர் கந்தோரில் வேலை, நாய்களுக்கு விசர் ஊசி போடுகிறவன். ஊரில் ஒருவரும் நாயைப் பிடித்துக் கொடுக்கவில்லை. கறுவலுக்கு மட்டும் போட்டான். வசந்தமலர் அந்த விதிகளைச் சொன்னதும் மீன் கூடையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

“அக்கா, அது விரதமில்லை, செவிடு.”

“என்ன தம்பி சொல்லுறீர்?”

“எல்லா வெள்ளை நாயும் செவிடில்லை. ஆனால் உடம்பிலை சாம்பல் திட்டுத் திட்டா வாற ஒரு இனம் இருக்கு. தாயும் தேப்பனும் அப்பிடியே எண்டால், ரெண்டு பேரிட்டையும் அந்தக் குணத்தை வாங்கின குட்டி வெள்ளையாப் பிறக்கும். மயிருக்கு நிறம் குடுக்கிற உயிரணு உள்காதுக்கும் வேணும். அங்கை அது இல்லாட்டிக் காது கேக்காது. கண்ணும் பழுதாகலாம். வெள்ளைத் தோலை வெயில் சுடும், மூக்கு உரியும். இதைத் தெரிஞ்சுகொண்டே குட்டி போட வைக்கிறது அநியாயம்.”

“அப்ப பின்னாலை தொடக் கூடாதெண்டது?”

“வாறது கேக்காதே! திடுக்கிட்டுக் கடிச்சுப்போடும்.”

ஞாயிற்றுக்கிழமை லொறி கொட்டகை வாசலுக்கு வந்தது. கறுவலின் கழுத்தில் கயிறு. சந்தியோகு இழுக்க, அது நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு வசந்தமலரைப் பார்த்தது. கொட்டகையில் இராணி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊசிப் பெட்டியோடு வஸீரும் வந்து நின்றான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தமலர் சிங்கராசாவின் முன்னால் போனாள்.

“ஐயா, இராணி உங்கடை சொல்லுக் கேக்குமோ?”

“என்ரை சொல்லு மட்டும்தான் கேக்கும், பிள்ளை.”

“அப்ப அதுக்குப் பின்னாலை நிண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒருக்காக் கூப்பிடுங்கோ. எழும்பி வந்தால் கறுவலை நானே லொறியிலை ஏத்திவிடுறன்.”

சனம் அவர் வாயைப் பார்த்தது. மறுக்க வழியில்லை.

“இராணி,” என்றார் சிங்கராசா, தேன் ஒழுக.

குறட்டை.

“இராணீ!”

தெருவில் நின்ற கழுதை திரும்பிப் பார்த்தது. யாருடையவோ கைக்குழந்தை வீரிட்டது. கறுவல் குரைத்தது. இராணி ஒரு காலை நீட்டி இன்னும் வசதியாகப் படுத்தது.

“ஆழ்ந்த தியானம்,” என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

“வெடியும் கேக்கேல்லை, உங்கடை குரலும் கேக்கேல்லை. இதுக்குப் பேர் தியானமோ, செவிடோ?”

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். சிங்கராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் தன்னுடைய விதியையே மறந்தார். பின்னாலிருந்து இராணியைப் பிடித்து உலுக்கினார். பாவம், அது திடுக்கிட்டு எழும்பி அவர் கையைக் கவ்வியது.

“ஐயோ! ஊசி! விசர் ஊசி! தம்பி, கெதியாப் போடும்!”

“ஏன் ஐயா, வெள்ளை நாய்க்கு விசர் வராதெண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டாள் றஞ்சிதம்.

“விசருக்கு நிறம் தெரியுமோடி, மொக்குப் பெட்டை!”

மூன்று மாதத்தில் நிறஞானி சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“நான் நாய்க்குத்தான் போடுறனான். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ,” என்றான் வஸீர். நாய் ஏற்றுகிற கூட்டிலேயே அவரை ஏற்றி லொறி மன்னாருக்குப் போயிற்று. அவர் திரும்பி வரவில்லை.

வசந்தமலர் கறுவலின் கயிற்றை அவிழ்த்தாள். அநாதையாய் நின்ற இராணியையும் ஊசி போடுவித்துத் தன் வீட்டு நிழலில் வைத்துக்கொண்டாள். மறுநாளே காகம் வர, கறுவல் குரைத்தது, அதைப் பார்த்து இராணி ஓடிக் கலைத்தது.

இவ்வளவும் நடந்து இரண்டு நாள் ஆகவில்லை. வேலிக்கு வெளியே மறுபடியும் வரிசை! முன்னால் நின்றது யார்? சந்தியோகுதான்.

“அப்ப கறுப்பு நாய்தானோ அதிர்ஷ்டம்? இவையெல்லாரும் கறுவலைத் தொட்டுக் கும்பிட வந்திருக்கினம்.”

வசந்தமலர் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழும்பினாள்.

“இராணிக்குக் காது கேக்காமல் பிறந்தது அதின்ரை பிழையில்லை. உங்களுக்கு ரெண்டு காதும் கேக்குது, ரெண்டுக்கும் நடுவிலை ஒரு சாமானும் கிடக்குது. அதை ஒருக்காவது பாவிச்சுப் பாருங்கோ. பிறகு வந்து வலையைப் பொத்துங்கோ!”