லைன்மேன் கிள்ளிய டேலியா

பொம்மிடியில் வேர்விட்டு நிற்கிற எதுவும் லைன்மேன் கைக்குத் தப்பியது கிடையாது. முப்பது வருஷம் கரண்ட் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டியே காலம் தள்ளியவர். ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள். கையில் இருந்த அரிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் நாலு வருஷம் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். அவர் பேர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலேயே ‘லைன்மேன்’ என்று எழுதித்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு கட்டிங் பிளேயர் தொங்கும். முகத்தில் ஒரு மீசை, கன்னத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த உலகத்தில் அவர் வெட்டாமல் வளரவிட்டது அது ஒன்றைத்தான்.

தெருவில் யார் வீட்டுச் செம்பருத்தியில் பூ வாடித் தொங்கினாலும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவார். “வாடுன பூவ செடியிலயே வுடறது, ஆளில்லாத வூட்ல பல்பு எரியற மாதிரிங்க. சப்ளை தெண்டமா போவுது” என்று சொல்லி, நறுக்கிப் போட்டுவிட்டு வருவார். யாரும் அவரைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மனைவி கலா ஏற்காட்டிலிருந்து ஒரு டேலியாக் கிழங்கை வாங்கி வந்து தொட்டியில் நட்டாள். பெங்களூரில் இருக்கும் அவள் தங்கை ஹேமா, பால்கனியில் பூத்த டேலியாவை தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வெறுப்பேற்றிக்கொண்டிருந்தாள். “உங்கூரு வெயிலுக்கு டேலியாவாக்கா? பேசாம மொளகா நட்டு வெச்சுக்கோ” என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். “பொங்கலுக்கு வா, காட்டறேன்” என்று கலாவும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது செடி இல்லை, எங்கள் வீட்டு மானம். பக்கத்தில் துண்டு காயப்போடக்கூட எனக்கு அனுமதி இல்லை.

செடி ஒரு அடி வளர்ந்தது. நாலு ஜோடி இலை விட்டது. ஒருநாள் காலையில் கலா வெளியே வந்தால், தொட்டியில் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கையில் ரப்பர் கிளவுஸோடு லைன்மேன் குனிந்து நிற்கிறார்.

“ஐயோ, என்னாங்கண்ணா பண்றீங்க?”

“ஷட்டவுனுங்க தங்கச்சி. அஞ்சே நிமிசம்.”

நறுக்கென்று நுனி கீழே விழுந்தது.

“துளிரப் போயி கிள்ளிட்டீங்களே! பாவம் சும்மா வுடுமா?”

“பதறாதீங்க. மெயின் லைன்லயே சப்ளை போயிட்டிருந்தா சைடு லைனுக்கு எங்கிருந்து வரும்? மேல கட் பண்ணியாச்சில்ல, இனிமே ஒவ்வொரு எல இடுக்குலயும் ஒரு கனெக்சன் வரும் பாருங்க.”

கலா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைத் தட்டிக்கேட்காத புருஷன் என்பது என் மேல் இருந்த குற்றச்சாட்டு. ஆனால் சொன்னபடியே எட்டு இலை இடுக்கிலும் எட்டுக் கிளை வந்தது. அதைப் பார்க்காத மாதிரி தினமும் பார்த்தாள்.

மார்கழி பிறந்ததும் கிளைக்கு மூன்றாக மொட்டு விட்டது. பல் தேய்த்துக்கொண்டே எண்ணுவாள். இருபத்துநாலு. எண்ணிக்கை பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் எண்ணினால் எட்டுதான் இருந்தது.

“மீதி பதினாறு எங்கண்ணா?”

லைன்மேன் கூச்சமே இல்லாமல் குப்பைக் கூடையைக் காட்டினார். “ஒரு லைன்ல மூணு மோட்டார் போட்டா ஒண்ணுமே சுத்தாதுங்க. கிளைக்கு ரெண்ட எறக்கிட்டேன். நிக்கறது ஒவ்வொண்ணும் தட்டு சைசுக்கு விரியும்.”

“விரியலன்னா?”

“ஒங்க தங்கச்சி வந்து எறங்கற அன்னிக்குப் பூ இல்லன்னா, இந்த மீசைய எடுத்தர்றேன். போதுங்களா?”

அந்த வருஷம் பார்த்து மலையிலிருந்து பனி விடாமல் இறங்கியது. மொட்டுகள் கெட்டியாக வாயை மூடிக்கொண்டன. லைன்மேன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். டெஸ்டர் வைத்துப் பார்க்காததுதான் பாக்கி. வரவர மீசையைத் தடவுவதும் அதிகமானது.

போகியன்று காலை ரயிலில் ஹேமா வந்து இறங்கினாள். எட்டு மொட்டின் நுனியிலும் சிவப்பு லேசாக எட்டிப்பார்த்தது. அவ்வளவுதான், பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது கேட்டருகே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். துண்டை எடுத்தார். லைன்மேன்தான். போகிக்கு எங்கள் தெருவில் கழித்ததிலேயே உருப்படியான பொருள் அந்த மீசைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இவர் யாரென்று ஹேமாவுக்குத் தெரியாது. செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எவன்க்கா இத இப்படி கிள்ளி வெச்சது? அறிவு வேணாம்? சும்மா வுட்டிருந்தா எப்பவோ பூத்திருக்கும்.”

லைன்மேன் தரையைப் பார்த்தார். நான் கலாவைப் பார்த்தேன். ரெண்டு மாதக் கோபம், குற்றவாளி எதிரிலேயே நிற்கிறார், இனி வெடிதான் என்று நினைத்தேன்.

“நாந்தான் கிள்ளுனேன்” என்றாள் கலா. “கிள்ளுனாத்தான் பெருசா பூக்கும். வெவரம் தெரிஞ்சவங்கள கேட்டுத்தான் செஞ்சேன். ஒனக்கென்ன தெரியும்? வா, வந்து காபி குடி.”

லைன்மேன் துண்டை மறுபடி மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

காணும் பொங்கல் முடிந்து ஹேமா ஊருக்குப் போனாள். மறுநாள் பனி விலகியது. அதற்கு மறுநாள் எட்டும் விரிந்தன, சொன்னபடி தட்டு சைசுக்கு. கலா போட்டோ எடுத்து அனுப்பினாள். “கடையில வாங்குனதாக்கா?” என்று பதில் வந்தது. கலா அதைச் சட்டை செய்யவில்லை. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, இருப்பதிலேயே பெரிய பூவை வெட்டி, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“அடடா, இத எதுக்குங்க கட் பண்ணீங்க? செடியில இன்னும் நாலு நாளு இருந்திருக்குமே!” என்று பதறினார் லைன்மேன். ஒன்றை வெட்டியதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாள் கழித்து ஏணி இரவல் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் அந்தப் பூ இருந்தது. கருத்து, சுருங்கி, பாதி இதழ் கீழே கொட்டியிருந்தது. கட்டிங் பிளேயர் இடுப்பில்தான் தொங்கியது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்த மீசையைத் தடவிக்கொண்டு, “இருந்துட்டுப் போவுதுங்க சார்” என்றார்.

ஆளிருக்கிற வீடுதானே, பல்பு எரியட்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.