பிரவுனுக்கும் ப்ரையனுக்கும் நடுவே

அமெரிக்க வரலாற்றுப் பாடநூல்களை மதிப்பிடுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். துப்பறியும் கதைப் பிரியர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெயர்களை அகரவரிசையில் அடுக்கிய பெயரடைவு அங்கேதானே இருக்கிறது?

எங்கள் இண்டியானா ஊரின் பாடநூல் குழுவுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன் நான். ஆகவே ஊகமாக எதுவும் சொல்லப் போவதில்லை. அந்த இனத்தின் சிறந்த மாதிரி எங்கள் குழுத் தலைவர் வென்டல் ப்ரூபேக்கர், ஓய்வு பெற்ற விதை வியாபாரி. வந்ததும் டோனட்டை இடக்கையில் எடுப்பார். வலக்கை ஆள்காட்டி விரல் அலுவலுக்குரியது, அதில் சர்க்கரை ஒட்டக்கூடாது. பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து, பெயரடைவில் ஆங்கில 'பி' வரிசையில் அந்த விரலை ஓட்டுவார். அது பாஸ்டனைத் தாண்டும், அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த பிரவுனைத் தாண்டும், மூன்று முறை அதிபர் தேர்தலில் தோற்ற ப்ரையனில் முட்டி நிற்கும். உள்நாட்டுப் போருக்குப் போன அவருடைய முப்பாட்டனார் கேப்டன் ப்ரூபேக்கர் அங்கே இல்லை.

"பிரவுன் இருக்கான், ப்ரையன் இருக்கான். நடுவுல ஒருத்தரக் காணோமே. பசங்களுக்கு இது உதவாது."

மற்ற நால்வரும் தலையசைப்பார்கள். அவர்கள் பெயரடைவைக்கூடப் படித்ததில்லை.

இதனால் தவித்தவர் வரலாற்று ஆசிரியை லோரெட்டா ஹேஸ். அவர் வகுப்பிலிருந்த பழைய நூலின் கடைசி அதிபர், மாணவர்கள் பிறக்கும் முன்பே ஓய்வு பெற்றவர். அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒட்டுநாடா. லோரெட்டா ஒரு நல்ல நூலைக் கண்டுபிடித்திருந்தார்: சிப்பாய்களின் கடிதங்கள், தெளிவான வரைபடங்கள், எதிரெதிர்ச் சாட்சியங்கள். இரவல் வாங்கிப் படித்த மாணவர்கள் யார் சாட்சியம் உண்மை என்று சாப்பாட்டு வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்? விரல் அதையும் தள்ளியது. இந்த மார்ச்சிலும் தள்ளினால், அடுத்த தேர்வு வரை இன்னும் ஆறு ஆண்டுகள் ஒட்டுநாடாதான்.

"வென்டல், இதோட புதுப் பதிப்பு வந்திருக்கு. முன்னூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்" என்றார் லோரெட்டா.

"பக்கமெல்லாம் எதுக்கு? அடைவுல இருக்கா?"

விரல் ஓடியது. பாஸ்டன். பிரவுன். ப்ரூபேக்கர். நின்றது.

"இதுதாம்மா சரித்திரம். எல்லாரும் கையத் தூக்குங்கப்பா."

தூக்கினார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை யாரும் திறக்கவில்லை.

ஆகஸ்டில் பள்ளி தொடங்கியதும் மாணவர்கள் திறந்தார்கள். அங்கே ஒரு சிப்பாயின் கடிதம் இருந்தது: 'முதல் பீரங்கி வெடித்ததும் கேப்டன் ப்ரூபேக்கர் வடக்கே விரைந்தார். போர் தெற்கே இருந்தது.'

ஒரே வாரத்தில் ஊருக்கே மனப்பாடம். காபிக் கடையில் சோள விவசாயிகள், "வென்டல், வடக்கு எந்தப் பக்கம்ப்பா? உங்க குடும்பத்துக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் புத்தகத்தோடு வந்தார். லோரெட்டா டோனட் தட்டைத் தொடவில்லை. குழு நினைத்தால் நூலைத் திரும்பப் பெறலாம். வென்டல் டோனட்டை எடுத்தார். இடக்கையில்தான்.

"ரெண்டு தடவ படிச்சேன். அவரு தெக்க போயிருந்தா நான் இங்க உக்காந்திருப்பேனா? பேரையும் பிழையில்லாமப் போட்டிருக்கான். புஸ்தகம் இருக்கட்டும், லோரெட்டா."

லோரெட்டா அப்போதுதான் ஒரு டோனட் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்த அன்று, அந்தக் குழுப் புகைப்படத்தில் முதலில் யாரைத் தேடினீர்கள்? எங்கே, அந்த விரலைக் கொஞ்சம் காட்டுங்கள்.