கனடா போகப்போகிறவர்

வெளிநாடு போனவர்களை உங்களுக்குத் தெரியும். போய்விட்டுத் திரும்பி வந்து, நம் ஊர்த் தூசியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்பவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது இன்னும் போகவில்லை. ஆனால் இங்கேயும் இல்லை. பெருந்துறையிலிருந்து மதுக்கரை வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தாலும் பந்திக்கு ஒருவராவது தட்டுப்படுவார். அவர்தான் கனடா போகப்போகிறவர்.

கண்டுபிடிப்பது சுலபம். மாசி மாத வெயிலில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "வின்னிபெக்ல இன்னைக்கு மைனஸ் இருவத்திரெண்டுங்க" என்று கவலைப்படுவார். மணி என்ன என்று கேட்டால் கைப்பேசியில் இருக்கும் இரண்டு கடிகாரங்களில் முதலில் டொரண்டோவைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஈரோட்டுக்கு வருவார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஒரே பதில்தான். "அடுத்த டிராவுல வந்துருமுங்க."

கிருபாசங்கர் இந்த இனத்தின் அசல் மாதிரி. பெருந்துறை சிப்காட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர். மனைவி லோகப்பிரியா எம்.எஸ்ஸி. நர்சிங் படித்துவிட்டு ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். நான்கு வயதில் கனிஷ்கா என்று ஒரு பெண். மூன்று பேரும் நான்கு வருடமாகக் கனடா போய்க்கொண்டிருக்கிறார்கள். கனிஷ்கா பிறந்ததே போகிற வழியில்தான் என்று சொல்ல வேண்டும்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடா அரசாங்கம், நிரந்தரமாகக் குடியேற ஒருவரை அழைப்பதற்கு முன்னால் அவரை முழுக்க மதிப்பெண்ணாக மாற்றிவிடுகிறது. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவு, கூட வருகிற மனைவி படித்திருந்தால் அதற்கும் கொசுறாகக் கொஞ்சம். பிறகு அவ்வப்போது டிரா என்ற பெயரில் ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு வரும். கீழே இருப்பவர்கள் அடுத்த கோட்டுக்குக் காத்திருக்கலாம். காத்திருப்பதில் கிருபாசங்கரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவருடைய மதிப்பெண் முன்னூற்று முப்பத்தெட்டு. கோடு அதற்கு எங்கோ மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில் இருந்தது. இதில் இன்னொரு கொடுமை. முப்பதைத் தொட்ட பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து மதிப்பெண் போய்விடும். ஆகவே அந்த வீட்டில் அப்பாவின் பிறந்தநாள் துக்கநாள். கனிஷ்கா கேக்கின் முன்னால் கைதட்டிப் பாடிக்கொண்டிருப்பாள். அவர் மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, "அஞ்சு போச்சு" என்பார். வருகிற பிறந்தநாளோடு முப்பத்தாறு. அதற்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

போகப்போகிறவரின் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? ரயில் நிலையத்தில் காத்திருக்கும் அறை மாதிரி இருக்கும். நான்கு வருடமாக, விமானத்தில் அனுமதிக்கிற இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள்கூட அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. ஃபிரிட்ஜின் கதவு மூடாது. நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அதன் மோட்டார், ஏற்றத்தில் திணறும் டவுன் பஸ்ஸைப் போல உறுமும். "போறவங்களுக்கு எதுக்கு அம்மணி புதுசு?" சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. "போறவங்களுக்கு எதுக்கு?" கனிஷ்காவை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றால், "அங்க போயிச் சேத்திக்கலாம், இப்ப எதுக்கு?" லோகப்பிரியாவுக்கு வார்டு இன்சார்ஜ் பொறுப்பு தேடிக்கொண்டு வந்தது, ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. போகப்போகிறவள் பொறுப்பை வாங்கிக்கொண்டு பாதியில் விடுவது நியாயமில்லை என்று இரண்டு தடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சும்மா உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்லக் கூடாது. மனிதர் உழைத்தார். ஆங்கிலப் பரீட்சையை மூன்று முறை எழுதினார். பிரெஞ்சு தெரிந்தால் தனி டிரா என்று கேள்விப்பட்டுக் கைப்பேசியில் பிரெஞ்சு கற்றார். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் "போன்ஜூர்" என்பார். அவர் "சரிங்க சார்" என்று சல்யூட் அடிப்பார். கொசுறு மதிப்பெண்ணை விட மனசில்லாமல் லோகப்பிரியாவையும் பரீட்சை எழுத வைத்தார். இவர் மூன்றாம் முறை முக்கி முக்கி வாங்கியதைவிட அவள் நைட் டியூட்டி முடித்துவிட்டுப் போய் எழுதிய முதல் முறையே எக்கச்சக்கமாக வாங்கி வந்தாள். "பரவால்லயே அம்மணி! கொசுறு முழுசா கெடைச்சுப்போச்சு" என்று மகிழ்ந்து, அந்தக் காகிதத்தை ஃபைலில் கடைசியாகச் செருகிவைத்தார்.

இந்த இனத்தின் விசேஷ குணத்தை இன்னும் சொல்லவில்லை. போகப்போகிறவர் தான் போக மாட்டார். ஆனால் ஊரையே அனுப்பிவைப்பார். கிருபாசங்கர் அதில் மன்னன். மண்டபத்தில் இலை போட்டு இட்லி வருவதற்குள் பக்கத்து இலைக்காரரின் வயது, படிப்பு, பெண்டாட்டி படிப்பு எல்லாம் விசாரித்து, காபிக்கு வரும்போது கூட்டிக் கழித்து முடித்திருப்பார். அவர் யோசனை கேட்டுப் போனவர்கள் முப்பத்தொரு குடும்பம். லோகப்பிரியாவுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட செவ்வந்தி அதில் ஒருத்தி. "நர்சுகளுக்குன்னே தனி டிரா வருது அம்மணி, உடாதீங்க" என்று விரட்டி விரட்டி விண்ணப்பம் போட வைத்தவர் இவர்தான். செவ்வந்தி இப்போது வின்னிபெக்கில் இருக்கிறாள். அவள் அனுப்பும் பனிப் படங்களை, தானே மண்வெட்டி பிடித்து அள்ளியவர் போல எல்லோரிடமும் காட்டுவார்.

நர்சுகளுக்குத் தனி டிரா. சொன்னவர் கிருபாசங்கர். அவர் வீட்டில் ஒரு நர்ஸ். ஏதாவது தோன்றுகிறதா உங்களுக்கு? அவருக்குத் தோன்றவில்லை.

பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் முகமது ரியாஸ் தன் மனைவி யுஸ்ராவோடு வந்து சேர்ந்தான். கோயம்புத்தூர்ப் பையன்; போன வருடம் கல்யாணம் ஆனவன். கையில் சான்றிதழ்க் கட்டு. கிருபாசங்கர் மடிக்கணினியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜாதகம் பார்க்கிறவர் தோரணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"விண்ணப்பத்தை என்ற பேர்லயே போட்டுரலாமுங்களா, ணா?" என்றான் ரியாஸ்.

கிருபாசங்கர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறவி எடுத்தது.

"இங்கதான் தம்பி எல்லாரும் கோட்ட உடறாங்க. நம்மூருல பத்திரிகைல பேரு போடற மாதிரி நெனச்சுக்கறது. கனடாக்காரனுக்கு ஊட்டுக்குப் பெரியவன் யாருங்கற கதையெல்லாம் வேண்டாம். ரெண்டு பேருல யாருக்கு மார்க்கு எச்சோ, அவங்க பேரு மேல. இன்னொருத்தரு கூடப் போறவரு. அவ்வளவுதான்."

"அப்படீங்களா?"

"பின்னே! யுஸ்ராவுக்கு வயசு கம்மி, படிப்பு எச்சு, இங்கிலீசும் எச்சு. அவங்க பேர மேல போட்டா உங்குளுதுக்கு அறுவது மார்க்கு கூட வருது, பாருங்க. பொம்பள பேரு மேல இருந்தா என்ன, கொறைஞ்சா போயிருவீங்க? இதுலயெல்லாம் கௌரவம் பாக்கறவன் ஊருலயே கெடக்க வேண்டியதுதான்."

யுஸ்ரா ரியாஸைப் பார்த்துச் சிரித்தாள். ரியாஸும் சிரித்தான். கிருபாசங்கர் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தார். சிரிக்காதது லோகப்பிரியா மட்டும்தான். அவள் காபி டம்ளர்களோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங் மாமா, இந்தக் கணக்க நமக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

ஃபிரிட்ஜ் உறுமும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"நமக்கா? நம்முளுது ஃபைலு வேற மாதிரி அம்மணி."

"என்ன வேற?"

என்ன வேறு என்று கிருபாசங்கருக்கும் தெரியவில்லை. சங்கடம் புரியாத ரியாஸ், "போட்டுப் பாத்தரலாமுங்ணா, கம்ப்யூட்டரு தொறந்துதான இருக்குது" என்றான். யுஸ்ரா தட்டச்சு செய்ய, லோகப்பிரியா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். வயது இருபத்தொன்பது. எம்.எஸ்ஸி. ஐந்து வருட அனுபவம். ஆங்கிலப் பரீட்சை மதிப்பெண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். கூட வருபவர் என்ற இடத்தில் கிருபாசங்கரின் படிப்பையும் அவருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தாள்.

நானூற்று எழுபது.

கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நானூற்று எழுபதாகவே இருந்தது. முப்பத்தொரு குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு. தன் குடும்பத்துக்கு மட்டும் போடவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் படிவத்தின் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதியபோது அவர் யோசிக்கவே இல்லை. கேஸ் புத்தகத்தில், கரண்ட் கார்டில், கிரகப்பிரவேசப் பத்திரிகையில் எந்தக் கை எழுதியதோ அதே கை இதிலும் எழுதியது. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். லோகப்பிரியா நைட் டியூட்டிக்குப் போனால் கனிஷ்காவுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். பொண்டாட்டி ஒரு படி கீழே என்று அவரிடம் யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவார். அப்படிப்பட்டவருடைய கையும் அப்படித்தான் எழுதியது.

வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு வேகமாகக் கிளம்பினார்கள். லோகப்பிரியா கத்தவில்லை. கத்தியிருந்தால் கிருபாசங்கருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செவ்வந்தி போனப்பவே போயிருக்கலாமுங்க மாமா" என்றாள். "உங்களைச் சொல்லி என்ன பண்றது, எனக்கும் தோணுலையே. நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துபோட்டேன். அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது. ரெண்டு தடவ இன்சார்ஜு போஸ்டிங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தனே."

கிருபாசங்கருக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய பிறந்தநாளுக்கு ஐந்தைந்தாகப் போனதற்குத்தான் அந்த வீடு துக்கம் காத்தது. இவளுக்குப் போனதை யாரும் எண்ணவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தப்பு என்ற மேலதான் அம்மணி" என்றார். நான்கு வருடத்தில் கனடா விஷயத்தில் அவர் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே புது விண்ணப்பம் போட்டார்கள். லோகப்பிரியா நாற்காலியில் உட்கார, அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். புதிதாக ஒரு காகிதம்கூடத் தேவைப்படவில்லை. எல்லாம் அந்த ஃபைலிலேயே கடைசியில் இருந்தது. அதை முன்னால் எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறந்தநாள் வந்தது. கனிஷ்கா பாடினாள். கிருபாசங்கர் மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு வழக்கம்போல "அஞ்சு" என்று ஆரம்பித்து, நிறுத்தி, கேக்கை வெட்டினார். இனி அவர் வயதைக் கனடா கேட்காது. அந்த வருடக் கேக் நன்றாக இருந்ததாக அவரே சொன்னார்.

ஏழு வாரம் கழித்து நர்சுகளுக்கான டிரா வந்தது. லோகப்பிரியா அன்றும் நைட் டியூட்டி. காலையில் பெருந்துறை பஸ் நிலையத்தில் இறங்கி மின்னஞ்சலைத் திறந்தவள், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். கிருபாசங்கர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுங் மாமா."

"யாருக்கு?" என்றார் அவர், வாய் நிறைய நுரையோடு. பாவம், பழக்கதோஷம். அழைப்பு என்றால் அதுவரை யாரோ ஒருத்தருக்குத்தானே வந்திருக்கிறது.

"நமக்குத்தாங்க."

அவர் வாயைக் கொப்பளிக்காமலேயே அழுதார். அழுது முடித்ததும் போகப்போகிறவர் விழித்துக்கொண்டார். "அறுவது நாள்தான் டைமு. போலீஸ் சர்ட்டிபிகேட்டு, மெடிக்கலு…" என்று அவர் அடுக்க ஆரம்பித்தபோது லோகப்பிரியா கைப்பேசியில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று எட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜ். இரண்டு கதவு, அறுபத்தைந்து கிலோ.

"அம்மணி, போறவங்களுக்கு எதுக்கு?"

"போற வரைக்கும் இங்கதானுங்க மாமா இருக்கப்போறோம்" என்று சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தினாள்.

அடுத்த முகூர்த்தம் உடுமலைப்பேட்டையில். இலையில் உப்பு விழுவதற்குள் கிருபாசங்கர் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். "நாந்தாங்க லோகு பேர மேல போட்டேன். அதொரு டெக்னிக்குங்க. எல்லாருக்கும் தோணாது." எதிர்ப் பந்தியிலிருந்து லோகப்பிரியா, "ஆமாங்க, அவருதான் கண்டுபுடிச்சாரு. நாலே வருசந்தான் ஆச்சு" என்றாள். கிருபாசங்கர் இட்லியில் கவனம் செலுத்தினார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. கனடாவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் ஒன்று கேட்கலாம். உங்கள் வீட்டில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாடா போட்டுக் கட்டி வைத்திருப்பது எது? படிவம் கையில் கிடைத்தால் முதல் கட்டத்தில் யோசிக்காமல் யார் பெயரை எழுதுகிறீர்கள்? போன வாரம் யாருக்கோ வாய் நிறைய ஒரு யோசனை சொன்னீர்களே, அதை உங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தாயிற்றா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். முதலில் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். கதவருகே யாராவது காபி டம்ளரோடு நின்றுகொண்டிருக்கப்போகிறார்கள்.