ஒல்லாந்தர் காலத்துப் புதுப் பலகை

பெரியகல்லாறு,
1934 ஆனி 25.

கொழும்பில் மரக்கடைப் பொறுப்பில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி அழகரத்தினத்துக்கு, அக்கா சீதேவிப்பிள்ளை எழுதிக்கொள்வது. களுதாவளைப் பிள்ளையார் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மச்சாளும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க அவரை வேண்டுகிறேன். சுகம் என்று முறைக்காக எழுதினேன் தம்பி, சுகமில்லை. என் பேத்தி இரத்தினம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. குற்றம் என்னுடையது. கொஞ்சம் உன்னுடையதும்தான்.

அவளுடைய சீதன வீட்டுக்கென்று நீ அனுப்பிய சீமை ஓக் பலகைகள் றெயிலில் வந்து, வாவி வழியே வள்ளத்தில் ஏறி, ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. தேயிலைத் துரை ஒருவர் பங்களாவுக்கென்று வரவழைத்துவிட்டு, விலை விழுந்ததும் கப்பலேறிப் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, நம் பிள்ளைக்குக் கிடைத்தது. மரவேலை ஓடாவி கனகசிங்கம் தரைக்குப் பரப்பி, சுவரிலும் இடுப்பளவுக்கு அடித்து முடித்தபோது வீடு தேன் நிறத்தில் மினுங்கியது. அத்தோடு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். கோயிலில் மாப்பிள்ளையின் தாய், களுதாவளை ஆச்சிப்பிள்ளையைக் கண்டேன். அவள் தன் வீட்டுப் பெட்டகம் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தது என்று நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பெட்டகமென்ன கா பெட்டகம்! எங்கட புள்ளைக்குக் குடுக்கிற வீட்டுப் பலகையே ஒல்லாந்தர் காலத்துப் பலகை. எங்கட பூட்டனுக்கு அவனுகள் குடுத்திட்டுப் போனது" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது இனித்தது. "அப்ப வெள்ளிக்கிழமை பாக்க வாறம்" என்று அவள் சொன்னதும் தேங்காய் உடைக்காமலே வீட்டுக்கு ஓடி வந்தேன்.

போன வருடம் நீ வந்திருந்தபோது, துரைமாருக்குப் புது மரத்தைப் பழையதாக்கிக் கொடுக்கும் வித்தையைச் சொல்லிச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா? நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். நான் ஒரு சொல் விடாமல் மனதில் வைத்திருந்தேன். துருப்பிடித்த ஆணிகளைக் கள்ளுப் புளித்த வினாகிரியில் ஊறப்போட்டேன். வள்ளத்துச் சங்கிலியை இரவல் வாங்கிப் பலகையை அடி அடியென்று அடித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வளவுக் கண்ணகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மச்சாள், குடி போக முன்னமே பேயோட்டுறயளா?" என்றாள். பலகைக்கு வயதேற்றுகிறேன் என்று சொல்ல முடியுமா? "ஓம் கா, பேய்தான்" என்றேன். பிறகு பேய் இல்லை என்று ஊருக்குச் சொல்லித் திரிய ஒரு நாள் போனது. மறுகா, வண்டு துளைத்தது போல ஓட்டை போடும்படி கனகசிங்கத்திடம் சொன்னேன். "பெத்தா, நான் சீவிச் சீவி மினுக்கின பலகை. பெத்த புள்ளைக்குக் கண்ணுல ஊசி குத்துற மாதிரி இருக்கு, எனக்கு ஏலா" என்று பாட்டியிடம் கெஞ்சும் பேரன் போல அழாக்குறையாகச் சொன்னான். தமரூசியை அவன் கையிலிருந்து பறித்து நானே முந்நூறு துளை போட்டேன். துணியை அந்த வினாகிரியில் நனைத்து ஒரு பூச்சுப் பூசினால் போதும் என்று நீ சொல்லியிருந்தாய். நம் குடிப் பெருமைக்கு ஒரு பூச்சுக் காணாது என்று மூன்று பூசினேன். விடிந்து பார்த்தால், வாவிக்கரையில் உக்கிக் கிடக்கிற வள்ளம் போலக் கறுத்துக் கிடந்தது வீடு.

வெள்ளிக்கிழமை ஆச்சிப்பிள்ளை இனசனத்தோடு வந்தாள். ஒரு காலைப் பலகையில் வைத்தாள், எடுத்தாள். சுவர்ப் பலகையில் துளை துளையாய் விரலால் தடவிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "மச்சாள், நீங்க சொன்னது மெய்தான். ஒல்லாந்தர் காலத்துப் பலகைதான். அவனுகளே வேணாமெண்டு எறிஞ்சிட்டுப் போயிருக்கானுகள். என்ட மகன் வந்து வாழப்போற வீடு கா இது! ராவில திரும்பிப் படுத்தானெண்டா தரைக்குள்ள போயிடுவான்" என்றாள். மாப்பிள்ளை வந்து குடியிருக்கிற ஊர் நம் ஊர். வீடு உறுதி என்று காட்டுவதுதான் பெண் வீட்டாரின் வேலை. பழமை காட்டுகிற அவசரத்தில் அதை மறந்து போனேன். பலகை புதிது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நுனி நாக்குவரை வந்தது. சொன்னால் நான் பொய்க்காரி. விழுங்கிவிட்டேன். நாள் வைக்கிற பேச்சே எடுக்காமல் அவர்கள் வேலிப் படலையைத் தாண்டிப் போனார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற இரத்தினம்மா, "உங்கட மானம் தப்பிச்சுது பெத்தா, என்ட கலியாணம் போச்சு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. எனக்குப் பெருமை வேண்டியிருந்தது, அவளுக்கு அந்தப் பெடியன் வேண்டியிருந்தது. இதை அறுபத்திநாலு வயதில் விளங்கிக்கொண்டு என்ன செய்ய? சோறு இறங்குதில்லை தம்பி.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வா. நீ மரம் தெரிந்தவன், கொழும்புக்காரன், உன் சொல்லை ஆச்சிப்பிள்ளை கேட்பாள். ஒல்லாந்தர் மரம் இன்னும் இருநூறு வருடம் அசையாது என்று அவளுக்கு முன்னால் சத்தியம் பண்ணு. பொய்ச் சத்தியத்துக்கு உள்ள பரிகாரத்தைப் பிள்ளையாருக்கு நான் செய்கிறேன். மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ நீண்ட ஆயுளோடும் என்னைவிடக் குறைந்த வாயோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சீதேவிப்பிள்ளை

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது கனகசிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றான். எனக்குத் தெரியாமல் இரத்தினம்மா தரையில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி, பாதியைச் சீவச் சொல்லி, அவன் தோளில் களுதாவளைக்கு அனுப்பியிருக்கிறாள். "பலகை புதிசு. பெருமைக்குப் பெத்தா பூசினது. நாங்க மன்னிப்புக் கேக்கிறம்" என்று சொல்லச் சொன்னாளாம். ஆச்சிப்பிள்ளை பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம். "பலகை நல்ல பலகை. அதைவிட நல்லது, பெத்தாவைப் போல இல்லாத பேத்தி. ஆவணியில நாள் வைப்பம்" என்றாளாம். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். மேலே உள்ளதை அடுப்பில் போடு. சத்தியம் பண்ண வர வேண்டாம், சீவுளியோடு வா. மிச்சப் பலகை அத்தனையும் கறுப்பாய்க் கிடக்கிறது.