வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர்

ஒவ்வொரு குடும்பத்திலும் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார். அதைக் கட்டிக்கொடுத்தவர் வேறு. அவர் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ நடையைக் கட்டிவிட்டார். கடைக்குச் சொந்தக்காரரும் வேறு. இவர் நடுவில் நிற்பவர். இந்தப் பதவிக்குத் தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது. என்றைக்கோ ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாரோ, "ஹோஸ்டிங் ஹோஸ்டிங்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?" என்று கேட்டிருப்பார்கள், எல்லோரும் குனிந்து அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் இவர் மட்டும் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப சிம்பிள்" என்று ஆரம்பித்திருப்பார். அவ்வளவுதான். முடிசூட்டு விழா முடிந்தது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. எதைக் கேட்டாலும் வீடு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஹோஸ்டிங் என்றால் வீடு. டொமைன் என்றால் அந்த வீட்டின் விலாசம். பேண்ட்விட்த் என்றால் வீட்டுக்கு வருகிற ரோடு. ஈமெயில் என்றால் வாசலில் மாட்டிய தபால் பெட்டி. கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் வீட்டுக்கு மாடி வரும், மாடிக்கு லிப்ட் வரும், லிப்டுக்கு ஒரு காவலாள் வருவார். நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் கீழே தெருவில் தனியாக நின்றுகொண்டிருக்கும்.

நல்ல மாதிரிக்கு ஒருவரைச் சொல்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பெயின்ட் கடையில் விற்பனை மேலாளர். மாலை நேரத்தில் தன் அக்காவின் கடை வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறார். அக்கா மகள் அவருக்கு வைத்த பெயர் 'அன்லிமிடெட்'. காரணம் பிறகு தெரியும்.

அக்காவின் கடை, சக்கர நாற்காலி, வாக்கர், நோயாளிகளுக்கான கட்டில், புண் வராமல் படுக்கக் காற்று மெத்தை ஆகியவற்றை வாடகைக்கு விடுகிற கடை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். வாக்கரின் காலில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, கட்டிலின் தலைப்பக்கம் திருகினால் எத்தனை சுற்றில் நிமிரும், குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் இருந்தால் நாற்காலி நுழையும்: எல்லாம் விரல்நுனியில். வெப்சைட்டில் அவருக்கு வேண்டியது பதினாலு படம், ஒரு போன் நம்பர்.

அதற்குத் தம்பி தேர்ந்தெடுத்த ஹோஸ்டிங் திட்டத்தைப் பார்க்க வேண்டுமே! நான்கு திட்டங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் பச்சை டிக்குகள். தம்பிக்குப் படித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. எண்ணிப் பார்ப்பார்.

"இதுலதான்க்கா டிக் அதிகம். அன்லிமிடெட் இடம், அன்லிமிடெட் பேண்ட்விட்த், அன்லிமிடெட் ஈமெயில்!"

"எனக்கு எதுக்குடா அவ்வளவு ஈமெயில்? கடையில நானும் உங்க மாமாவும்தானே."

"இருக்கட்டும்க்கா. அன்லிமிடெட்."

அந்தச் சொல்லின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது. பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'நியாயமான உபயோகத்துக்கு உட்பட்டது' என்று அதற்கு விளக்கமும் இருந்தது. நட்சத்திரத்தைத் தேடி அடிவரை போகிறவர்கள் இந்த இனத்தில் சேர மாட்டார்கள்.

அப்டைம், அதாவது வெப்சைட் திறந்திருக்கும் நேரம், தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் என்றபோது, அக்கா கால்குலேட்டரை எடுத்துத் தட்டி, "அப்ப வருஷத்துக்கு ஒன்பது மணி நேரம் மூடிக் கிடக்குமா?" என்று கேட்டார். தம்பிக்கு மனத்தாங்கலாகிவிட்டது. அதை யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை என்றார். விலாசத்துக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் வந்த அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தார். "எஸ்எஸ்எல் போட்டாச்சு. இனி எவனும் உள்ள நுழைய முடியாது." ஐயா, அந்தப் பூட்டு, நாம் எழுதி அனுப்புவதை வழியில் யாரும் பிரித்துப் படிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. கடைக் கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இனிப்பு நன்றாக இருந்தது; யாரும் தகராறு செய்யவில்லை.

இவர் பொய்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பெயின்ட் கடையில் வந்து பாருங்கள். ஈரச் சுவரின் படத்தைக் காட்டி, "இதுக்கு எந்த பிரைமர் சார் நிக்கும்?" என்று கேட்டால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க. ஒரு மூலையில அடிச்சு நாலு நாள் விட்டுப் பார்ப்போம்" என்பார். இருபது வருட அனுபவம் அவருக்குக் கொடுத்திருந்த தைரியம் அது. தெரிந்த தொழிலில் 'தெரியல' என்று சொல்வதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. தெரியாத தொழிலில்தான் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் கடைக்கு எதிரே கண்ணாடி முகப்போடு புதிதாக ஒரு கடை வந்துவிட்டது. அக்காவிடம் பதினொரு கட்டில்கள் மடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றன. பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். கட்டில், நாற்காலி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நாலு கடைகளின் பெயர் அதில் இருக்கும். அந்தத் தாளில் இடம்பிடிக்க அக்கா மூன்று வருடம் நடையாய் நடந்தார். கடைசியில் அந்தத் தாளைத் தயாரிக்கும் பிரிவின் அதிகாரி அம்மாள், "வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாக் கடை வெப்சைட்டையும் பார்த்து முடிவு பண்ணிடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

"அந்தத் தாள்ல பேர் வந்தா கடை நிக்கும்டா. வரலைன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்" என்று அக்கா சொன்னார்.

"நான் பார்த்துக்கறேன்க்கா" என்றார் தம்பி.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா தன் போனில் வெப்சைட்டைத் திறந்தார். பதினாலு படத்தில் ஒன்றும் இல்லை. 'இந்தப் பெயரின் காலம் முடிந்துவிட்டது' என்று ஒரு வரி. அதன் கீழே யாரோ விற்கும் காலணிகளின் விளம்பரம்.

தம்பி பெயின்ட் கடையில் அன்றைக்கு லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வந்ததும் இந்த இனத்துக்கே உரிய முதலுதவி தொடங்கியது. ரவுட்டரை அணைத்துப் போட்டார். வேறு பிரவுசரில் திறந்தார். மாமாவின் போனில் திறந்தார். எல்லாவற்றிலும் காலணி.

"அவங்க சைடு பிரச்சினைக்கா."

"எவங்க சைடு?"

"சர்வர் சைடு. டிஎன்எஸ் பரவிட்டிருக்கு. நாப்பத்தெட்டு மணி நேரத்துல சரியாயிடும்."

"எங்கேர்ந்துடா பரவுது? நேத்து நல்லாத்தானே இருந்தது? இங்க பாரு, காலம் முடிஞ்சுடுச்சுன்னு போட்டிருக்கான்."

"அது சும்மா எல்லாருக்கும் போடற மெசேஜ்க்கா."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வரியை அவரும் நாலு தடவை படித்திருந்தார். ஓசைப்படாமல் ஹோஸ்டிங் கணக்கைத் திறக்கப் பார்த்தார். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று கேட்டால், கணக்கில் உள்ள ஈமெயிலுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. எந்த ஈமெயில்? அப்போதுதான் நினைவு வந்தது. அன்லிமிடெட் ஈமெயில் கிடைத்த முதல்நாள் குஷியில், கடையின் பெயரிலேயே கம்பீரமாக ஒரு முகவரியை உண்டாக்கி, அதையே ஹோஸ்டிங் கம்பெனிக்கும் கொடுத்திருந்தார். கொடுத்த நாளிலிருந்து அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அதற்குள்ளேதான் கிடக்கும். வெப்சைட்டின் பெயர் போனதும் அந்த முகவரியும் கூடவே போய்விட்டது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார் மனிதர்.

மணி எட்டே முக்கால். வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், என்ன பிரச்சினை?"

"உங்க நேம்சர்வர் ரிசால்வ் ஆகல. அப்டைம் கேரண்டி போட்டிருக்கீங்க. எஸ்எஸ்எல்லும் ஆக்டிவா இருக்கு. அப்புறம் எப்படி..."

"சார், சைட் ஓப்பன் ஆகலையா?"

தம்பி யோசித்தார். "அப்படியும் சொல்லலாம்."

"கணக்கு எந்த ஈமெயில்ல சார் இருக்கு?"

"அது வந்து... அன்லிமிடெட் பிளான்."

அக்கா போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இங்க பாரும்மா. இவனுக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கும் ஒண்ணும் தெரியாது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க சைட்டைப் பார்க்கப் போறாங்க. என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா சொல்லு, நான் செய்யறேன்."

இவனுக்கும் ஒன்றும் தெரியாது! ஹோஸ்டிங், டொமைன் என்று ஊருக்கே பாடம் நடத்துகிற தன்னைப் பற்றி, முன்பின் தெரியாத பெண்ணிடம் அக்கா இப்படிச் சொல்லிவிட்டாரே என்று தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "உங்க ஹோஸ்டிங்குக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு மேடம். அதுல ஒரு குறையும் இல்ல. டொமைனுக்குத்தான், அதாவது பேருக்குத்தான், தேதி முடிஞ்சுபோச்சு. இடம் வேற, பேரு வேற. ரெண்டையும் தனித்தனியா புதுப்பிக்கணும்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலி; இரண்டடி பின்னால் உருண்டது. நூறு பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது: டொமைன் என்றால் வீட்டு விலாசம். விலாசத்துக்கு எங்கேயாவது காலாவதி உண்டா? வீடு இருக்கும்வரை விலாசமும் இருக்கும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தார். மற்றவர்களுக்குச் சொன்ன உவமையைத் தானே நம்பிக் கெட்டவர் அவர்.

அக்கா வாடகைச் சீட்டுகள் இருந்த பைலைப் பிரித்து, ஹோஸ்டிங் வாங்கிய முதல் ரசீதிலிருந்து வாடிக்கையாளர் எண்ணைப் படித்தார். சரிபார்க்கும் எண் அக்காவின் போனுக்கே வந்தது. பதிவு செய்த அன்று போன் நம்பர் கேட்ட கட்டத்தில் அக்காதான் தன் நம்பரைச் சொல்லியிருந்தார். ஒன்பது இருபதுக்குப் பெயர் புதுப்பிக்கப்பட்டது. "பெரும்பாலும் மதியத்துக்குள்ள வந்துடும் மேடம். எத்தனை மணிக்குன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றாள் அந்தப் பெண்.

பத்து மணிக்கு வரவில்லை. பத்து ஐந்துக்கு ஆஸ்பத்திரி அம்மாளின் போன்தான் வந்தது.

"உங்க சைட் ஓப்பன் ஆகலையே மேடம்?"

தம்பி கையை ஆட்டி, 'மெயின்டனன்ஸ், மெயின்டனன்ஸ்' என்று வாயசைத்தார். அக்கா அவரையே பார்த்தார். "வெப்சைட்டை என் தம்பிதான் பார்த்துக்கறான். இதோ, அவன்கிட்டயே கேளுங்க" என்று போனை நீட்டிவிட்டார்.

தம்பி வாயைத் திறக்குமுன் அந்த அம்மாளே புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

"என்னவோ போங்க சார், எங்க ஆஸ்பத்திரி சைட்டே திங்கக்கிழமைலேர்ந்து வரல. எங்க ஆளைக் கேட்டா டிஎன்எஸ்ங்கறாரு. நாப்பத்தெட்டு மணி நேரம்ங்கறாரு. இன்னிக்கு நாலாவது நாள். உங்களுக்காவது தெரியுமா? டிஎன்எஸ்னா என்ன சார்?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! வாழ்நாளெல்லாம் காத்திருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு வராது. டெலிபோன் டைரக்டரி, தபால்காரர், தெருமுனை என்று உவமைகள் அவர் நாக்கில் வரிசைகட்டி நின்றன. அவர் சுவரில் சாய்ந்திருந்த பதினொரு கட்டில்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"தெரியல மேடம்."

சொன்னபிறகு மூச்சு சுலபமாக வந்தது. "எங்க சைட்டுக்கு டிஎன்எஸ் எல்லாம் ஒண்ணுமில்ல. பேரைப் புதுப்பிக்க மறந்துட்டேன். என் தப்புதான். காலையில பணம் கட்டியாச்சு. மதியத்துக்குள்ள வரும்னு சொல்றாங்க, ஆனா நிச்சயமா தெரியல."



"இப்படி ஒரு வார்த்தையை எங்க ஆளு சொல்லியிருந்தா நான் நாலு நாளா தலையைப் பிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு மணிக்கு மறுபடியும் பார்க்கறேன்."

பன்னிரண்டே காலுக்கு வெப்சைட் வந்தது. மாலை அச்சான தாளில் அக்காவின் கடை மூன்றாவது பெயர். அக்கா அழுதார், சிரித்தார், தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தம்பி இனி வாழ்க்கையில் தெரியாததைப் பேசுவதில்லை என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதி மறுநாள் பெயின்ட் கடைக்குத் திரும்பிப் போகும்வரை நன்றாகவே இருந்தது. அங்கே காசாளர், "டொமைன் காலாவதி ஆகுமா சார்?" என்று கேட்டுத் தொலைத்தார். "டிரைவிங் லைசன்ஸ் மாதிரின்னு வெச்சுக்கங்க..." என்று தம்பி தொடங்கியபோது நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த அம்மாள், "டிஎன்எஸ்னா என்ன சார்?" என்று கேட்ட இடத்தில் உங்கள் மனதிலும் ஒரு விளக்கம் எட்டிப் பார்த்ததா, இல்லையா? பார்த்திருக்கும். நல்லது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் தங்குதடையில்லாமல் வரும், எனக்கும் வந்தது. சொல்லி முடித்ததும், அவர் "சரி, அப்புறம்?" என்று கேட்பார்.