கம்பெனிக்கு ஒரு பாக்கெட் பிரெட்

கிரண் பையிலிருந்து பிரெட் பாக்கெட்டை வெளியே எடுத்ததும், எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான். அவள் நம்பவில்லை. ரயில் பங்காருபேட்டையைத் தாண்டிவிட்டால் டிபன் டப்பாக்கள் திறக்கும் நேரம். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி பெங்களூரு வேலைக்குப் போகிற அந்தப் பெட்டியில், ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை வைப்பதுதான் வழக்கம். புளிசோறு வரும், சித்ரான்னம் வரும், ஒரு முறை ராகிக் களிகூட வந்திருக்கிறது. பிரெட் வந்ததில்லை. அது காய்ச்சல்காரர்கள் பாலில் நனைத்துச் சாப்பிடுகிற வஸ்து.

கிரண் அதை யோசிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மமதாவிடம் மனதைச் சொல்ல எட்டு மாதமாக அவனுக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை முதல் அவளுக்கு ஷிப்ட் மாறுகிறது. பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கப் போகிறாள். சனிக்கிழமைதான் இந்த ரயிலில் அவளுக்குக் கடைசி. இன்று வியாழன்.

முந்தின நாள் போனில் எதையோ தேடப்போய், 'கம்பெனி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று படித்திருந்தான். தாத்தா காலத்திலிருந்து அவன் வீட்டில் கம்பெனி என்றால் மூடிப்போன தங்கச் சுரங்கம்தான். அவன் இப்போது வேலை பார்க்கும் இடமும் கம்பெனி. பட்டாளத்தில் ஒரு பிரிவுக்கும் அதே பெயர். சினிமாவுக்குத் தனியாகப் போகப் பிடிக்காதவன் கேட்பதும் கம்பெனிதான். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே லத்தீன் துண்டுகள்: 'சேர்ந்து', 'ரொட்டி'. ரொட்டியைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் கம்பெனி. பிரெட்டில் பாதியை நீட்டி, இந்தக் கதையைச் சொல்லி, ஆயுசுக்கும் கம்பெனி கொடுப்பாயா என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, கண்ணாடி முன் பதினோரு முறை சொல்லியும் பார்த்திருந்தான்.

பிரெட்டை மமதா பக்கம் நீட்டினான்.

"அந்தப் பொண்ணுக்கு ஒட்டிக்கப் போவுது. தள்ளி உக்காருப்பா," என்று கிருஷ்ணம்மா அவனைக் கதவுப் பக்கம் அனுப்பிவிட்டாள்.

சமைக்கத் தெரியாத கிரண், அம்மா அவன் அக்கா வீட்டுக்கே போய்விட்டபின் தனியாக இருக்கிறான். தினமும் அவனுக்குக் கிருஷ்ணம்மா கையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வரும். இரண்டு இட்லி, வேர்க்கடலைச் சட்னி. அன்றும் வந்தது. காய்ச்சலுக்குக் காரம் ஆகாதென்று சட்னி மட்டும் வரவில்லை.

பாக்கெட் பிரெட் பார்க்கவே நோஞ்சானாக இருந்ததுதான் தப்பு என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை பேக்கரியில் பெரிய பால் பிரெட்டாக வாங்கி, கொஞ்சம் களையாக இருக்கட்டும் என்று நான்கு ஆப்பிளும் சேர்த்துக்கொண்டான்.

பிரெட்டும் ஆப்பிளும் ஒரே பையில் இருப்பதைப் பார்த்ததும், அதே பெட்டியில் தினமும் வரும் நர்ஸ் டெய்சி எழுந்து வந்துவிட்டாள்.

"யாரு அட்மிட் ஆயிருக்காங்க?"

"யாரும் இல்லக்கா."

"அப்போ உனக்குத்தான். கையக் குடு."

டெய்சி உட்கார இடம் வேண்டுமே என்று மமதா எழுந்து வந்து கிரணுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். அவள் துப்பட்டா அவன் தோளில் பட்டது. டெய்சி வாட்சைப் பார்த்து நாடியை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"நூத்தி இருவது. என்னடா இது, ஓடியா வந்தே?"

ஒரு சீட்டு முழுவதும் காலியானது. கிரண் பெங்களூரு வரைக்கும் ரயில் விசிறியைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு போனான். மமதா ஒரு பழைய பேப்பரால் விசிறிக்கொண்டே இருந்தாள். இறங்கும் முன் டெய்சி இன்னொரு முறை கையைப் பிடித்துப் பார்த்தாள். குறையவில்லை.

சனிக்கிழமை அவன் பிரெட் இல்லாமல் வெறுங்கையோடு ஏறினான். பெட்டியில் இருந்தவர்கள் அப்படி ஏறவில்லை. அவன் சீட்டில் ஒன்பது பிரெட் பாக்கெட், ஒரு பாட்டில் சத்து மாவு, கோவில் விபூதி ஒரு பொட்டலம்.

கிரண் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றான். சுரங்கத்தில் ஆரம்பித்து, பட்டாளத்துக்குப் போய், லத்தீனில் தடுக்கி விழுந்து, ஒரு வழியாக ரொட்டிக்கு வந்து சேர்ந்தான். பதினோரு ஒத்திகையில் ஒன்றுகூட கைகொடுக்கவில்லை. பெட்டி முழுவதும் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டது.

"அதுக்காடா மூணு நாளா எங்கள இந்தப் பாடு படுத்தின?" என்றாள் டெய்சி.

கிரண் மமதாவை மட்டும் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"மமதா, எட்டு மாசமா கிருஷ்ணம்மாக்கா புண்ணியத்துல நான் சாப்பிடறேன். உன் கையால ஒரு வாய் வாங்கினதில்ல, உனக்கு ஒரு வாய் குடுத்ததுமில்ல. இப்பவாச்சும் நாம கம்பெனி ஆகலாமா?"

ஒரு துண்டு பிரெட்டைப் பிய்த்துப் பாதியை நீட்டினான்.

கிருஷ்ணம்மா பூவை மடியில் வைத்துவிட்டு, அன்றைய இட்லிக் கிண்ணத்தை எடுத்தாள். மமதா சட்டென்று திரும்பி அதைப் பிடுங்கப் பார்த்தாள். கிருஷ்ணம்மா முந்திக்கொண்டு கிரணின் கையில் திணித்தாள்.

"எங்கூட்ல ஏதுப்பா இட்லிப் பானை? எட்டு மாசமா துன்னுறியே, ஒரு நாளாச்சும் கிண்ணத்தத் திருப்பிப் பாத்தியா, அடியில யாரு பேரு வெட்டியிருக்குதுன்னு?"